மறைமொழி கண்ட மேதை: அலன் ரியூறிங்

இந்நாளிற் கைத்தொலைபேசி வைத்திருப்போருட் பலர் காலையில் எழுந்ததும் ஒரு சிறு விளையாட்டில் ஈடுபடுவதைக் காண்கின்றோம். வேர்டில் என்பது அதன் பெயர். ஐந்தெழுத்துக் கொண்ட ஆங்கிலச் சொல்லொன்று நாள்தோறும் மறைத்து வைக்கப்படும். அதனை ஆறு முறைக்குள் ஊகித்தறிதல் வேண்டும். நாம் இட்ட எழுத்தும் அதன் இடமும் பொருந்தினாற் பச்சை நிறம் தோன்றும். எழுத்து இருந்தும் இடம் பிழைத்தால் மஞ்சள். எழுத்தே சொல்லில் இல்லையெனிற் சாம்பல் நிறம். விளையாட்டு இவ்வளவே. தமிழில் இதனை ஆக்க முயன்றோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. கி என்று இட்டவிடத்துக் கு இருக்குமாயின் அது முழுப் பிழையா, அரைப் பிழையா என்பது தொல்காப்பியம் கற்றவர்களும் கூடியிருந்து தீர்க்கவேண்டிய வழக்கு. அது நிற்க.

மனிதரோடு மனிதர் போல எழுத்தில் உரையாடும் இயந்திரங்களும் இப்பொழுது வந்துவிட்டன. அவற்றையும் இவ்விளையாட்டில் ஈடுபடுத்திப் பார்க்கின்றனர். கவிதையும் கட்டுரையும் நொடியில் எழுதித் தரும் அவ்வியந்திரங்கள் ஐந்தெழுத்துச் சொல்லுக்கு முன்னே அடிக்கடி தடுமாறின என்பது பலருக்கு வியப்பளித்தது. காரணம் எளிது. அவை சொல்லை எழுத்தெழுத்தாகக் காண்பதில்லை. துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண்ணை இட்டு அவ்வெண்களையே கையாளுகின்றன. ஆகையால், எழுத்தெண்ணும் வேலைக்கென வேறொரு சிறு நிரலை எழுதி, அதனைச் செருகுநிரல் என்ற பெயரால் உரையாடும் இயந்திரத்தோடு இணைக்கின்றனர். செருகுநிரல் சொற்பட்டியலை வைத்துக்கொண்டு பொருந்தாதவற்றைக் கழிக்கும்; எஞ்சியவற்றுள் எதனைச் சொன்னாற் பெரும்பயன் கிட்டும் என்று நிறுத்துப் பார்க்கும். மற்றைய பாதி நம்மோடு பேசும்.

பேசுகின்ற பாதிக்கும் நிறுக்கின்ற பாதிக்கும் வித்திட்டவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஒருவர் உளர். தமது நாற்பத்திரண்டாவது பிறந்தநாளுக்குப் பதினாறு நாள் இருக்கையில் 1954 ஆம் ஆண்டிலே மறைந்த அலன் மதிசன் ரியூறிங் என்பாரே அவர். அவருடைய வாழ்க்கையை நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் நன்று.

ரியூறிங் பிறந்தது இலண்டனில், 1912 ஆம் ஆண்டு யூன் மாதம் 23 ஆந் தேதி. ஆயினும் அவர் குடும்பத்தின் வேர் தமிழ்நாட்டு மண்ணிற் சிறிது ஓடியிருந்தது என்பதைப் பலர் அறியார். தந்தையார் ஜூலியஸ் ரியூறிங் இந்திய சிவில் சேவையைச் சேர்ந்தவர். சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்தவர். தாயார் ஈதல் சேரா 1881 ஆம் ஆண்டிலே கோயம்புத்தூருக்கு அணித்தான போத்தனூரிற் பிறந்தவர். தாயைப் பெற்ற பாட்டனார் எட்வேர்ட் வாலர் ஸ்ரோனி சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியியலாளராய் விளங்கினார். ஆற்றுப் பாலங்கள் அமைத்தார். ஓசையின்றி இழுக்கத்தக்க பங்காச் சில்லொன்றையும் கண்டுபிடித்தார். அவர் ஓய்வுபெற்று வாழ்ந்த இடம் நீலகிரியிலுள்ள குன்னூர். அலனின் தமையனார் ஜோன் 1908 இல் அக்குன்னூரிலேயே பிறந்தார். அலனோ இங்கிலாந்திற் பிறந்து இங்கிலாந்திலேயே விடப்பட்டார். வெப்பநாடு குழந்தைக்கு ஒவ்வாதென்று பெற்றோர் அஞ்சினர். கடற்கரைப் பட்டினமொன்றில் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரின் இல்லத்திற் பிள்ளைகள் இருவரையும் ஒப்படைத்துவிட்டுத் தாய் 1913 இற் கப்பலேறினார். பதினைந்து மாதக் குழந்தையைப் பிறர் கையிற் கொடுத்துச் சென்ற தாயும், விடுமுறைக் காலங்களிலே மட்டும் தாய்முகம் கண்ட பிள்ளையும் அக்காலத்து உத்தியோகக் குடும்பங்களுக்குப் புதுமையல்லர். அப்பிரிவு அப்பிள்ளையின் உள்ளத்தில் என்ன செய்தது என்பதை ஊகித்துச் சொல்லுதல் நம் வேலையன்று.

பதின்மூன்றாம் வயதிலே, 1926 இல், ஷேர்போண் என்னும் பழம்பெரும் பள்ளியிற் சேரப் புறப்பட்டார். பள்ளி தொடங்கும் நாளன்று நாடெங்கும் பொது வேலைநிறுத்தம், இரயில் ஓடவில்லை. சிறுவன் துறைமுகத்தில் இறங்கித் தன் துவிச்சக்கர வண்டியில் ஏறி, இடையிலே ஒரு சத்திரத்தில் இராத் தங்கி, ஏறக்குறைய அறுபது மைல் மிதித்துப் பள்ளியை அடைந்தான். பள்ளியோ அவனை அத்துணை ஆர்வத்தோடு வரவேற்கவில்லை. இலத்தீனும் ஆங்கிலமும் கற்ற கனவானை உருவாக்குவதே அங்கு கல்வியெனக் கருதப்பட்டது. விஞ்ஞானத்தில் மட்டும் மூழ்குபவன் தன் காலத்தை வீணாக்குகிறான் என்பது தலைமையாசிரியர் கருத்து. கையெழுத்து மோசம், மைக்கறை படிந்த உடுப்பு. இத்தகைய மாணவர் நம் வகுப்புகளிலும் இருக்கின்றனர். அறிக்கைப் புத்தகத்தில் அவர்களைப் பற்றி நாம் எழுதும் சொற்களும் ஏறக்குறைய அவையே.

அப்பள்ளியில் அவருக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் ஒரு நண்பர். கிறிஸ்தோபர் மோர்க்கம் என்பது அந்நண்பரின் பெயர். வானியலும் கணிதமும் இருவரையும் பிணைத்தன. மோர்க்கம் 1930 பெப்ரவரியிற் காசநோயால் இறந்தார். ரியூறிங் அந்த இழப்பை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. நண்பன் செய்திருக்கக்கூடிய வேலையைத் தான் செய்து முடித்தல் கடமை என்றே அவர் எண்ணினார். உடல் அழிந்த பின் மனம் எங்கே போகிறது, மனம் என்பது பருப்பொருளோடு எவ்வாறு தொடர்புற்றது என்ற கேள்வியும் அன்று தொட்டே அவரைப் பற்றிக்கொண்டது.

கேம்பிறிட்ஜிலே கிங்ஸ் கல்லூரியில் 1931 இற் சேர்ந்தார். இருபத்திரண்டாம் வயதில் அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராய்த் தெரிவுசெய்யப்பட்டார். அங்கே மக்ஸ் நியூமன் என்னும் பேராசிரியரின் விரிவுரைகளிலிருந்து ஒரு வினாவை எடுத்துக்கொண்டார். ஒரு கணிதக் கூற்று நிறுவத்தக்கதா அன்றா என்பதை எக்காலத்தும் தவறாது தீர்த்துச் சொல்லும் இயந்திரமுறை ஒன்று உண்டா என்பதே அது. ஜேர்மானியக் கணிதர் ஹில்பேட் எழுப்பிய வினா. கேம்பிறிட்ஜுக்கு அணித்தான புல்வெளியொன்றில், ஓட்டப் பயிற்சிக்குப் பின் படுத்திருக்கையில், ரியூறிங்குக்கு விடைக்கான வழி புலப்பட்டது என்பர். கட்டங்களாக வகுக்கப்பட்ட முடிவில்லாத காகித நாடா. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் பார்த்து, எழுதி, அழித்து, இடமோ வலமோ நகரும் எளிய பொறி. மனிதன் தாளும் பென்சிலும் கொண்டு செய்யத்தக்க கணக்கு எதனையும் இப்பொறி செய்யும் என்று காட்டினார். பின்னர் இதனாலும் தீர்க்க இயலாத வினாக்கள் உள என்பதையும் நிறுவினார். ஹில்பேட்டின் வினாவுக்கு விடை இல்லை என்பதே. அமெரிக்கரான அலன்சோ சேர்ச் வேறு வழியாற் சிறிது முன்னரே அதே முடிவை எய்தியிருந்தார். ஆயினும் ரியூறிங்கின் 1936 ஆம் ஆண்டுக் கட்டுரையில் இன்னொரு பொருள் இருந்தது. எந்தப் பொறியின் விதிகளையும் நாடாவில் எழுதி ஊட்டினால் அப்பொறியாகவே நடிக்க வல்ல பொதுப்பொறி ஒன்று அமைக்கலாம் என்பது அது. ஒரே கைத்தொலைபேசி கடிகாரமாயும் கணக்கனாயும் சொல்விளையாட்டாயும் பேசும் தோழனாயும் மாறுவது இந்தப் பொதுப்பொறிக் கருத்தினாலேயே.

பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று 1938 இல் நாடு திரும்பினார். மறு ஆண்டு செப்டெம்பர் 3 ஆந் தேதி போர் பிரகடனம் செய்யப்பட்டது. 4 ஆந் தேதி ரியூறிங் பிளெச்சிலி பார்க் என்னும் நாட்டுப்புற மாளிகைக்குச் சென்று பணியேற்றார். பகைவரின் மறைமொழியை உடைக்கும் நிலையம் அங்கே இரகசியமாய் இயங்கிற்று.

ஜேர்மானியர் கையாண்ட எனிக்மா என்னும் பொறியைப் பற்றிச் சிறிது விளக்குதல் வேண்டும். தட்டச்சுப் பொறி போன்ற ஒரு பெட்டி. ஒரு விசையை அழுத்தினால் வேறோர் எழுத்தின் விளக்கு எரியும். உள்ளே மூன்று சுழற்சில்லுகள். விசையை அழுத்துந்தோறும் சில்லு ஒரு படி திரும்புவதால் இப்பொழுது ஏ என்பதற்கு எரிந்த விளக்கே மறுமுறையும் அதே ஏ என்பதற்கு எரியும் என்பதில்லை. முன்புறத்தில் ஒரு செருகுபலகை. பத்துக் கம்பிகளாற் பத்துச் சோடி எழுத்துகள் அங்கே இடம்மாற்றப்படும். இவையாவும் சேர்ந்து தரும் அமைப்புகளின் தொகை 158 என்னும் எண்ணுக்குப் பின் பதினெட்டுச் சுழியங்கள் இட்டதற்கும் அதிகம். நாடோறும் அமைப்பு மாறும். ஒவ்வொன்றாகச் சோதித்துத் திறக்கலாம் என்று ஒருவன் தொடங்கினால் அவன் ஆயுளும் போதாது, அவன் பேரர் ஆயுளும் போதாது.

இக்கோட்டையில் முதற் பிளவைக் கண்டவர்கள் ஆங்கிலேயர் அல்லர் என்பதை இங்கு அழுத்திச் சொல்லவேண்டும். போலந்து நாட்டுக் கணிதர் மரியன் ரெயெவ்ஸ்கியும் அவருடைய தோழர் இருவரும் போருக்குப் பல ஆண்டுகள் முன்னரே எனிக்மாவின் உள்ளமைப்பைக் கணிதத்தாற் கண்டு செய்திகளை வாசித்தனர். தம் நாடு அழியுமுன், 1939 யூலையில், அவ்வறிவு முழுவதையும் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் கையளித்தனர். திரைப்படங்களில் ரியூறிங் தனியொருவராய் எல்லாவற்றையும் கண்டதாகக் காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் தீங்கு. அவருக்கும் அது பெருமையன்று.

ரியூறிங் செய்தது யாது? அவர் ஊகத்தைக் கருவியாக்கினார். ஜேர்மானியர் ஒழுங்கு மிக்கவர்கள். ஒரே நேரத்தில் ஒரே நிலையத்திலிருந்து ஒரே வகையான வானிலை அறிக்கை வரும். ஆகவே மறைசெய்தியின் ஏதோ ஓரிடத்தில் வெற்றர், அதாவது வானிலை, என்ற சொல் இருக்குமென்று ஊகிக்கலாம். ஆனால் எந்த இடத்தில்? இங்கேதான் எனிக்மாவின் குறையொன்று உதவிற்று. அப்பொறி எந்த எழுத்தையும் அதே எழுத்தாக மாற்றாது. எனவே ஊகித்த தொடரை மறைசெய்தியின் கீழே எழுதி ஒவ்வோர் எழுத்தாய் நகர்த்திச் செல்ல வேண்டும். மேலும் கீழும் ஒரே எழுத்து முட்டுமானால் அவ்விடம் தவறு. முப்பது எழுத்து நீளமான தொடர் தற்செயலாக ஓரிடத்திலும் முட்டாது நிற்கும் வாய்ப்பு மூன்றிலொன்றிற்கும் சற்றுக் குறைவு. ஆகவே பெரும்பாலான இடங்கள் உடனே கழிந்துவிடும். இன்று நம் பிள்ளைகள் சாம்பல் நிறக் கட்டத்தைப் பார்த்து ஏமாறுகின்றனர் அன்றோ? பிளெச்சிலியிலே சாம்பற் கட்டமே செல்வமாயிருந்தது.

இடம் தெரிந்த பின் பொறியின் அமைப்பைக் காணுதல் வேண்டும். அதற்கு ரியூறிங் வகுத்த இயந்திரம் பொம் எனப்பட்டது. ஆளுயரத்திற்கு மேற்பட்டது, ஒரு தொன் எடை, நூற்றுக்கு மேற்பட்ட சுழலுருளைகள். ஓர் அமைப்பை மெய்யென்று கொள், அதிலிருந்து பிறக்கும் முடிவுகளை மின்சாரத்தால் ஒரே கணத்திற் பின்தொடர், முரண்பாடு தோன்றின் அவ்வமைப்பைத் தள்ளு, அடுத்ததற்குப் போ. பொம் உண்மையைக் கண்டுபிடிக்கவில்லை. பொய்யை அகற்றிற்று, எஞ்சிய சிலவற்றை மனிதர் கையாற் சோதித்தனர். தருக்க நூலிலே, ஒரு பொய்க்கூற்றிலிருந்து எதனையும் பெறலாம் என்றொரு விதி உண்டு. புத்தகத்தில் உறங்கிக் கிடந்த அவ்விதியைச் சில்லும் கம்பியுமாக்கி ஓடவிட்டவர் ரியூறிங். முதற் பொம் 1940 மார்ச்சில் வந்தது. கோர்டன் வெல்ச்மன் என்னும் மற்றொரு கணிதர் அதிற் செய்த திருத்தத்தின் பின்னரே அது பெருவேகம் பெற்றது. போர் முடியுமுன் இருநூற்றுக்கு மேற்பட்ட பொம்கள் இயங்கின. அவற்றை இரவும் பகலும் நடத்தியவர்கள் கடற்படை மகளிர். தாம் எதனைத் தேடுகின்றோம் என்பது அவர்களுட் பெரும்பாலோர்க்குச் சொல்லப்படவில்லை.

கடற்படையின் எனிக்மா எல்லாவற்றினும் கடுமையானது. எட்டுச் சில்லுகளிலிருந்து மூன்றைத் தெரிந்தெடுப்பர். அதனை உடைக்க முடியுமென்று நம்பினோர் சிலரே. வேறு எவரும் தொடாத காரணத்தாலேயே ரியூறிங் அதனைத் தமக்கென எடுத்துக்கொண்டார். எட்டாம் குடில் என்ற மரக்கொட்டகை அவர் பொறுப்பில் வந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தில் நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம். ஓரிரவு செய்தி வாசிக்கப்படாவிடிற் சில நூறு மாலுமிகள் குளிர்நீரில் மாள்வர். எட்டாம் குடிலின் சொல்விளையாட்டுக்கு அதுவே பந்தயம்.

அங்கே அவர் வகுத்த ஒரு முறைக்கு பன்பரிஸ்மஸ் என்று பெயர். பன்பரி என்னும் ஊரில் அச்சிடப்பட்ட நீண்ட தாள்களில் மறைசெய்திகளைத் துளைகளாக இடுவர். இரு தாள்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்து நகர்த்தி, துளைகள் எத்தனை இடத்தில் ஒன்றுகின்றன என்று எண்ணுவர். தற்செயலாயின் இருபத்தாறில் ஒன்று ஒத்துவரும். இரு செய்திகளும் உண்மையில் ஒரே நிலையில் எழுதப்பட்டனவாயின் ஏறத்தாழ பதினேழில் ஒன்று. இவ்வேறுபாடு நுண்ணியது. எனவே சான்றை நிறுப்பதற்கென்றே ரியூறிங் ஓர் அலகை உண்டாக்கினார். ஒரு கூற்றின் சாதகம் பத்து மடங்காகின் அது ஒரு பன். அதிற் பத்திலொன்று டெசிபன். ஏறக்குறைய நாலுக்கு ஐந்து என்ற அளவான அந்த மாற்றமே மனிதவுள்ளம் உணரத்தக்க மிகச்சிறிய சான்று என்பது அவர் கணிப்பு. சிறு சிறு சான்றுகளை இவ்வாறு கூட்டிக் கூட்டி, எந்தக் கட்டத்தில் ஊகம் உறுதியாகின்றதென்று எண்ணால் அறிந்தனர். பலசரக்குக் கடையில் நிறுப்பது போன்று ஐயத்தைத் தராசில் இட்ட செயல் இது. இன்று சொல்விளையாட்டுக்கான செருகுநிரல், அடுத்துச் சொல்லவேண்டிய சொல்லைத் தெரிவதற்குக் கையாளும் கணக்கும் இதன் உடன்பிறப்பே. பத்துக்குப் பதிலாக இரண்டை அடியாகக் கொள்வதொன்றே வேறுபாடு. அவ்விரண்டடி அளவையைத் தகவற் கொள்கையாக 1948 இல் உலகுக்கு வழங்கிய குளோட் ஷனன் என்னும் அமெரிக்கரை ரியூறிங் 1943 இல் நியூயோர்க்கிற் சந்தித்தார். இருவரும் மறைமொழி வேலையிலேயே ஈடுபட்டிருந்தனர். ஆனால் அதைப்பற்றிப் பேச இருவருக்கும் அனுமதியில்லை. தேநீர் வேளைகளிற் சிந்திக்கும் இயந்திரங்களைப் பற்றியே பேசினர்.

இன்னுமொன்று. ஜேர்மனில் ஒன்று என்னும் எண்ணைக் குறிக்கும் ஐன்ஸ் என்ற நான்கெழுத்துச் சொல்லே செய்திகளில் மிகுதியாக வந்தது. ஆகவே ஒரு நாளின் அமைப்பு ஓரளவு தெரிந்ததும், சில்லுகளின் 17,576 நிலைகளிலும் அவ்வொரு சொல் எவ்வெவ்வாறு உருமாறும் என்று பட்டியலிட்டு, அதனோடு செய்திகளை ஒப்பிட்டனர். நான்கெழுத்தைக் கொண்டு ஒரு கடற்படையைத் துப்பறிந்த கதை இது. குறுக்கெழுத்துப் போட்டியும் இந்நிலையத்திற்கு ஆள் தேட உதவியது. இலண்டன் டெய்லி ரெலிகிராப் பத்திரிகை 1942 ஜனவரியில் நடத்திய போட்டியிற் பன்னிரண்டு நிமிடத்துள் விடையெழுதிய சிலருக்குப் பின்னர் போர் அலுவலகத்திலிருந்து அழைப்புச் சென்றது. நம் கொழும்பும் இவ்வேலைக்கு அந்நியமன்று. யப்பானியச் செய்திகளை இடைமறித்து ஆராய்ந்த பிரித்தானிய நிலையம் 1942 இற் கொழும்பிற்கு வந்து, ஏப்பிரில் மாதக் குண்டுவீச்சின் பின் ஆபிரிக்கக் கரைக்கு அகன்று, மறு ஆண்டு திரும்பிவந்து அண்டர்சன் என்ற பெயரோடு இங்கு இயங்கியது.

ஆட்பற்றாக்குறையாற் பணி தடைப்பட்டபோது, 1941 ஒக்டோபரில், ரியூறிங்கும் தோழர் மூவரும் மேலதிகாரிகளைத் தாண்டிப் பிரதமர் சேர்ச்சிலுக்கே கடிதம் எழுதினர். அவர்கள் வேண்டுவன யாவும் உடனே வழங்கப்படல் வேண்டும் என்று சேர்ச்சில் கட்டளையிட்டார். 1942 பெப்ரவரியில் நீர்மூழ்கிகள் நான்கு சில்லுப் பொறிக்கு மாறியதும் பத்து மாதம் இருள் சூழ்ந்தது. மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு நீர்மூழ்கியினுள் இறங்கிச் சங்கேதப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்த மாலுமிகளுள் இருவர் அதனோடேயே அமிழ்ந்தனர். அப்புத்தகங்களே இருளை நீக்கின. குடிலில் இருந்து எண்ணியவர்களை மட்டும் புகழ்ந்து அவ்விருவரை மறத்தல் ஆகாது.

பிளெச்சிலியில் ரியூறிங்கின் வழக்கங்களைப் பற்றிய கதைகள் பல. பூந்துகள் ஒவ்வாமைக்காக நச்சுவாயு முகமூடி அணிந்து துவிச்சக்கர வண்டியில் வருவார். வண்டியின் சங்கிலி இத்தனை சுற்றுக்கு ஒருமுறை கழலும் என்று எண்ணி வைத்திருந்து, கழலுமுன் இறங்கிச் சரிசெய்வார். கடையிற் கொடுத்துத் திருத்தமாட்டார். தம் தேநீர்க் கோப்பையைச் சங்கிலியாற் பிணைத்துப் பூட்டிவைத்தார். நாணய மதிப்பு வீழுமென்று அஞ்சி வெள்ளிக் கட்டிகளை வாங்கிக் காட்டிற் புதைத்தார். புதைத்த இடத்தை மறைமொழியிற் குறித்தும் வைத்தார். போருக்குப் பின் தேடியபோது வெள்ளி அகப்படவில்லை. உடன் பணியாற்றிய ஜோன் கிளார்க் என்னும் கணித வல்லுநரை மணக்க 1941 இல் நிச்சயித்தார். தம் இயல்பு ஆண்களையே நாடுவது என்பதை அவரிடம் ஒளிக்காது சொன்னார். அவ்வம்மையார் அதன் பின்னும் விலகவில்லை. இது சரிவராதென்று சில மாதங்களில் ரியூறிங்கே நிச்சயத்தை முறித்தார். நட்பு முறியவில்லை.

போருக்குப் பின் கணனி ஒன்றை வடிவமைக்கும் பணியை அரசினர் பௌதிக ஆய்வுகூடத்தில் ஏற்றார். திட்டம் அருமையாயிருந்தும் வேலை ஊர்ந்தது. அந்நாட்களில் நெடுந்தூரம் ஓடி மன ஆறுதல் பெற்றார். 1947 இல் நடந்த மரதன் ஓட்டத்தில் 2 மணி 46 நிமிடத்தில் ஓடி ஐந்தாமவராய் வந்தார். மறு ஆண்டு மஞ்செஸ்ரர் பல்கலைக்கழகம் சென்றார். சதுரங்கம் ஆடும் நிரலொன்றை நண்பரோடு எழுதினார்; அதனை ஓட்ட வல்ல இயந்திரம் அன்று இல்லை. ஆகவே 1952 இல் தாமே இயந்திரமாயிருந்து, விதிகளைத் தாளிற் பார்த்து, ஒரு நகர்வுக்கு ஏறக்குறைய அரைமணி நேரம் செலவிட்டு ஆடினார். இருபத்தொன்பது நகர்வில் நிரல் தோற்றது.

மைன்ட் என்னும் தத்துவ ஏட்டில் 1950 ஒக்டோபரில் அவர் எழுதிய கட்டுரையே உரையாடும் இயந்திரங்களுக்குப் பிறப்புச் சாதகம் எனலாம். இயந்திரம் சிந்திக்குமா என்று கேட்பதை விடுத்து ஒரு விளையாட்டை முன்வைத்தார். ஓர் அறையில் மனிதர், மற்றோர் அறையில் இயந்திரம். வினாவுபவர் தட்டச்சிட்ட எழுத்து வழியே இருவரோடும் பேசி எவர் மனிதர் என்று கண்டறிய வேண்டும். அக்கட்டுரையிற் காட்டிய மாதிரி உரையாடலில் இயந்திரம் 34957 ஐயும் 70764 ஐயும் கூட்டி 105621 என்கின்றது. மெய்யான விடை 105721. அரை நிமிடம் தாமதித்துத் தவறான விடை கூறும் அவ்வியந்திரம் மனிதன்போல நடிக்கின்றதா, அன்றிப் பிழைக்கின்றதா என்பதை ஆசிரியர் விளக்காமலே விட்டுவிட்டார். ஐந்தெழுத்துச் சொல்லிற் பிழைக்கும் இன்றைய இயந்திரம் நடிக்கவில்லை என்பதை மட்டும் நாம் அறிவோம். முதிர்ந்த அறிவை இயந்திரத்திற்குள் எழுதி வைப்பதினும் குழந்தை போன்ற இயந்திரத்தைச் செய்து அதற்குக் கற்பித்தல் மேல் என்றும் அதிற் கூறினார். ஆசிரியத் தொழிலார் மனங்கொள்ளத்தக்க பகுதி அது. இரண்டாண்டுகளின் பின் மஞ்செஸ்ரர் கணனியிற் கிறிஸ்தோபர் ஸ்ரேச்சி என்பார், பட்டியலிலிருந்து சொற்களை எடுத்துக் கோத்துக் காதற் கடிதம் எழுதும் நிரலை ஓடவிட்டார். சொற்களைத் தற்செயலாகத் தெரிய அது பயன்படுத்தியது ரியூறிங் அவ்வியந்திரத்திற் சேர்ப்பித்த எழுந்தமான எண் உறுப்பையே.

1952 ஜனவரியில் ரியூறிங்கின் வீட்டிற் களவு போயிற்று. தமக்குப் பழக்கமான இளைஞர் ஒருவரின் தோழரே திருடர் என்று அறிந்து பொலிசில் முறையிட்டார். விசாரிக்க வந்த பொலிசார் களவை விட்டு அவ்விளைஞரோடு அவருக்குள்ள உறவை விசாரித்தனர். அவர் மறைக்கவில்லை, அதிற் குற்றமிருப்பதாக அவர் எண்ணியதுமில்லை. ஒஸ்கார் வைல்டைச் சிறையிலிட்ட அதே 1885 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மார்ச் 31 இல் வழக்கு நடந்தது. சிறை, அல்லது ஓராண்டு பெண்மைச் சுரப்பு மருந்து என்ற நிலையில் மருந்தை ஏற்றார். ஓட்டக்காரரின் உடல் உருமாறியது. இரகசியப் பணிக்கான அனுமதி பறிக்கப்பட்டது. தான் யாரென்று நீதிமன்றத்திற் சொல்லிக்கொள்ளவும் அவருக்கு வழியில்லை. நாட்டுக்குச் செய்த பணியை வாய்திறந்து கூறுவது சட்டப்படி குற்றம். ஆயிரமாயிரம் மறைசெய்திகளைத் திறந்தவர் தம் வாழ்வின் ஒரு பகுதியை அரசுக்காகவும் மறுபகுதியை அரசுக்கு அஞ்சியும் மறைக்கவேண்டியிருந்தது. அவ்வாண்டுகளிலும் வேலை நிற்கவில்லை. விலங்கின் தோலிற் புள்ளியும் வரியும் எவ்வாறு தோன்றுகின்றன என்பதற்கு இரசாயனச் சமன்பாடுகளால் விளக்கம் தரும் கட்டுரையை 1952 இல் வெளியிட்டார். உயிரியலார் அதன் பெருமையை உணரப் பல ஆண்டுகள் சென்றன.

1954 யூன் 7 இல் வில்ம்சிலோ என்னும் ஊரிலுள்ள தம் வீட்டில் இறந்தார். மறுநாள் வீட்டுப் பணிப்பெண் கண்டார். உடலிற் சயனைட் நஞ்சு. அருகிற் பாதி கடித்த அப்பிள். தற்கொலையென்று மரண விசாரணை முடிவு கூறிற்று. அப்பிளை எவரும் சோதிக்கவில்லை. வீட்டில் அவர் செய்த இரசாயனச் சோதனைகளின்போது தற்செயலாய் நஞ்சு கலந்ததென்றே போத்தனூரிற் பிறந்த அத்தாய் இறுதிவரை நம்பினார். மகனின் வாழ்க்கையை 1959 இல் நூலாகவும் எழுதினார். மகன் போர்க்காலத்தில் என்ன செய்தார் என்பது அந்நூலில் இல்லை. அது அவருக்குச் சொல்லப்படவில்லை. எனிக்மாவின் இரகசியம் 1974 ஆம் ஆண்டிலேதான் நூல்வழியாய் உலகறிய வெளிவரத் தொடங்கிற்று.

அதன் பின் மரியாதைகள் வரிசையாய் வந்தன. பிரித்தானியப் பிரதமர் 2009 இல் அரசின் சார்பாய் மன்னிப்புக் கேட்டார். 2013 டிசெம்பரில் அரசியார் பொதுமன்னிப்பு வழங்கினார். மன்னிக்கவேண்டியவர் எவர், மன்னிக்கப்படவேண்டியவர் எவர் என்பதில் அங்கே ஒரு தடுமாற்றம் நேர்ந்துவிட்டது என்றே கருதுகின்றேன். அதே சட்டத்தின்கீழ்த் தண்டனை பெற்று, புகழ் எதுவும் பெறாத ஆயிரக்கணக்கானோர்க்கு அம்மன்னிப்பு 2017 வரை கிட்டவில்லை. அவர்களுட் பலர் அதற்குமுன் இறந்திருந்தனர். இங்கிலாந்து வங்கி ரியூறிங்கின் உருவம் பொறித்த 50 பவுண் தாளை 2021 யூன் 23 இல், அவருடைய பிறந்தநாளன்று, வெளியிட்டது. காகித நாடாவொன்றில் ஒன்றும் சுழியமுமாக அவர் பிறந்த தேதி அதில் எழுதப்பட்டுள்ளது. ஐந்தெழுத்துச் சொல்விளையாட்டுப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில்.